ஐந்தாம் எண் சட்டை: நீல் ஃபிராங்க்ளின் குறித்த நாட்குறிப்பு

ஜனவரி 24, 2025

இன்று இங்கிலாந்துக் கால்பந்து ஆட்டக்காரர் நீல் ஃபிராங்க்ளினின் பிறந்த நாள். மட்பாண்டத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரின் ஷெல்டன் பகுதியில் 1922-இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இங்கிலாந்து அணியைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்துவருகிறேன். ஸ்டான்லி மாத்யூஸ், டாம் ஃபின்னி, பில்லி ரைட் ஆகிய பெயர்கள் எங்கும் மரியாதையோடு வருகின்றன. அவர்களோடு தோளுரசி ஆடிய ஃபிராங்க்ளினின் பெயரோ, பெரும்பாலும் 1950-இல் அவர் எடுத்த ஒரு முடிவோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்ததால், அவர் இங்கிலாந்துக்காக ஆடிய 27 ஆட்டங்களையும் கையால் எழுதிப் பார்ப்பது என்று மாலையில் உட்கார்ந்தேன்.

கோடு போட்ட நோட்டில் முதலில் தேதி, அடுத்து ஊர், அடுத்து எதிரணி, கடைசியில் ஐந்தாம் எண் சட்டை, அதாவது அன்று சென்டர் ஹாஃப் என்ற நடுத் தற்காப்பாளர் அணிந்த சட்டை, யாருக்கு என்பது. முதல் வரி: 1946 செப்டம்பர் 28, பெல்ஃபாஸ்ட், வட அயர்லாந்து, 7-2. போருக்குப் பின் இங்கிலாந்து ஆடிய முதல் அதிகாரபூர்வ ஆட்டம் அதுதான். 1947 மே மாதம் லிஸ்பனில் போர்த்துகலை 10-0 என்று வீழ்த்தியதும், 1948 மே மாதம் டுரினில் இத்தாலியை 4-0 என்று வென்றதும் நடுவே வருகின்றன. பதினைந்து வரிகளுக்கு மேல் ஒரே பெயரை எழுதிக் கை சலித்து, அதன் பின் 'மேற்படி', 'மேற்படி' என்றே எழுதினேன். 27-ஆம் வரி வரை அந்தச் சொல் மாறவில்லை. அந்தக் காலத்தில் இங்கிலாந்து ஆடிய ஓர் ஆட்டத்தைக்கூட அவர் தவறவிடவில்லை.

ஜனவரி 27

அவர் ஆடிய விதத்தைப் பற்றி எழுத வேண்டும். 1925-இல் ஆஃப்சைடு விதி தளர்த்தப்பட்ட பிறகு, அதுவரை ஆட்டத்தை நடுவிலிருந்து நடத்திய சென்டர் ஹாஃப், பின்வாங்கி இரண்டு பேக்குகளுக்கு நடுவே நின்று, எதிரணியின் சென்டர் ஃபார்வர்டை மறிக்கும் காவல்காரராக மாறினார். நம் மைதானங்களில் இன்றும் 'ஸ்டாப்பர்' என்கிறோமே, அந்தச் சொல் அந்த மாற்றத்தின் எச்சம். வந்த பந்தை ஓங்கி உதைத்து அப்புறப்படுத்துவதே அந்த இடத்தில் நிற்பவரின் கடமை என்று பெரும்பாலோர் நினைத்த காலத்தில், ஃபிராங்க்ளின் பந்தைக் காலடியில் நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து, தன் அணிக்காரரின் காலுக்கே அனுப்பினார்.

பள்ளி நாட்களில் நானும் ஸ்டாப்பராக ஆடியவன். பெனால்டி பாக்ஸுக்குள் பந்தை நிறுத்தினால் வெளியிலிருந்து வசவு விழும். அந்தப் பயத்தில் எத்தனையோ பந்துகளை யாருமில்லாத இடத்துக்கு உதைத்திருக்கிறேன். ஒரு லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தன் கோலுக்குப் பத்து கஜ தூரத்தில் பந்தை நிறுத்துவதற்கு எவ்வளவு நிதானம் வேண்டும் என்பது, அந்த இடத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்.

ஜனவரி 30

பணம். இதைப் பேசாமல் ஃபிராங்க்ளினைப் பற்றிப் பேச முடியாது. 1950-இல் இங்கிலாந்தில் ஒரு லீக் ஆட்டக்காரர் பெறக்கூடிய உச்சவரம்புச் சம்பளம், ஆட்டப் பருவத்தில் வாரம் 12 பவுண்டு. கோடையில் அதுவும் குறையும். அரங்கில் 50,000 பேர் டிக்கெட் எடுத்திருந்தாலும் அந்தத் தொகை மாறாது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரின் பதிவைக் கிளப் தன் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். கிளப் விடுவிக்காதவரை அவர் வேறு எந்த லீக் கிளப்புக்கும் ஆட முடியாது. ஒருவரின் உழைப்பை இப்படிப் பூட்டிவைத்ததைக் கொத்தடிமைத்தனம் என்று அன்றே ஆட்டக்காரர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் மிகை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஃபிராங்க்ளின் ஆடிய ஸ்டோக் சிட்டி 1947-இல் லீக் பட்டத்தை நெருங்கியது. பருவம் முடியும் தறுவாயில் மாத்யூஸை 11,500 பவுண்டுக்குப் பிளாக்பூலுக்கு விற்றார்கள். கடைசி ஆட்டத்தில் ஷெஃபீல்ட் யுனைடெட்டிடம் தோற்றுப் பட்டத்தையும் இழந்தார்கள். பட்டம் லிவர்பூலுக்குப் போனது.

பிப்ரவரி 3

அப்போது கொலம்பியாவின் லீக் ஃபிஃபாவுக்கு வெளியே நின்றது. ஆகவே வெளிநாட்டு ஆட்டக்காரர்களை, அவர்களுடைய கிளப்புகளுக்கு ஒரு காசும் கொடுக்காமல் அழைத்துக்கொள்ள முடிந்தது. பொகோட்டாவின் மில்லோனாரியோஸ் கிளப்பில் அர்ஜென்டினாவின் டி ஸ்டெஃபானோ ஆடிக்கொண்டிருந்தார். அதே நகரின் சாந்தா ஃபே கிளப் ஃபிராங்க்ளினையும், ஸ்டோக்கில் அவரோடு ஆடிய ஜார்ஜ் மவுண்ட்ஃபோர்டையும், இங்கிலாந்தில் கனவிலும் காண முடியாத சம்பளம் சொல்லி அழைத்தது. மனைவி கருவுற்றிருப்பதால் பிரேசிலில் நடக்கும் உலகக் கோப்பைக்கு வர இயலாது என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்துக்குத் தெரிவித்திருந்த ஃபிராங்க்ளின், 1950 மே மாதம் குடும்பத்தோடு கொலம்பியாவுக்குப் பயணமானார்.

இந்த இடத்தில் அவருக்காக வாதாட எனக்கு மனம் வரவில்லை. போகிறேன் என்று நேராகச் சொல்லியிருக்கலாம். ஆனால் நேராகச் சொன்னவரைப் போகவிடும் விதி ஒன்று அப்போது இருந்ததா என்ற கேள்வியும் கூடவே எழுகிறது.

1948-இல் அரசியல் தலைவர் கைத்தான் சுட்டுக்கொல்லப்பட்டதிலிருந்து கொலம்பியா உள்நாட்டு வன்முறையில் மூழ்கியிருந்தது, தலைநகரில் ஊரடங்கு. பேறுகாலம் நெருங்கும் மனைவியோடு அங்கே இருப்புக்கொள்ளாமல், ஏறத்தாழ இரண்டே மாதங்களில் ஃபிராங்க்ளின் நாடு திரும்பிவிட்டார். வந்தவரை, ஆடக் கூடாது என்ற தடை வரவேற்றது.

பிப்ரவரி 6

நோட்டில் 27-ஆம் வரிக்குக் கீழே தொடர்ந்து எழுதினேன். அந்த 27-ஆவது ஆட்டம் 1950 ஏப்ரல் 15-இல், கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில், 1,33,000-க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் நடந்தது. ராய் பென்ட்லி அடித்த ஒரே கோலில் இங்கிலாந்து வென்றது. ஸ்காட்லாந்து கோல் ஏதும் போடவில்லை. ஃபிராங்க்ளின் இங்கிலாந்துக்காக ஆடிய கடைசி ஆட்டம் இதுவென்று அன்று அரங்கில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது.

அதற்குப் பின் 'மேற்படி' என்ற சொல்லுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. பில் ஜோன்ஸ்; லாரி ஹியூஸ்; ஆலன்பி சில்டன்; 38 வயதில் முதன்முறையாக நாட்டுக்காக ஆடிய லெஸ்லி காம்ப்டன்; ஜிம் டெய்லர்; ஜாக் ஃப்ரோகட்; மால்கம் பாரஸ்; ஹாரி ஜான்ஸ்டன்; டெரெக் அஃப்டன்; ஹாரி கிளார்க்; சிட் ஓவன். நான்கு ஆண்டுகளில் பதினொருவர். 1950 உலகக் கோப்பையில், பிரேசிலின் பெலோ ஹொரிசோன்ட்டேயில் அமெரிக்காவிடம் 1-0 என்று தோற்றபோது அந்த இடத்தில் ஹியூஸ் இருந்தார். வெம்ப்லியில் ஹங்கேரி 6-3 என்று வென்றபோது ஜான்ஸ்டன். அடுத்து புடாபெஸ்டில் 7-1 என்று நொறுக்கியபோது ஓவன். ஃபிராங்க்ளின் இருந்திருந்தால் இவை நேர்ந்திரா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஹங்கேரியின் புஷ்காஷும் ஹிதெகுட்டியும் ஆடிய ஆட்டம் யாரையும் திணறடித்திருக்கும். ஆயினும் நோட்டின் அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. 1954 உலகக் கோப்பையின் நடுவே, ஓவன் காயமடைந்தபின், அணித்தலைவர் பில்லி ரைட் பின்னால் வந்து அந்த இடத்தை ஏற்றுக்கொண்ட பிறகுதான் மீண்டும் 'மேற்படி' எழுத முடிந்தது.

பிப்ரவரி 9

1996-இல் இதே நாளில் ஃபிராங்க்ளின் காலமானார்.

தடை நீங்கியதும், 1951 பிப்ரவரியில், ரெய்ச் கார்ட்டர் நடத்திய ஹல் சிட்டி அவரை 22,500 பவுண்டுக்கு வாங்கியது. தேவைப்படும் ஆட்டக்காரர் என்பதால்தான் இரண்டாம் டிவிஷன் கிளப் ஒன்று அவ்வளவு பெரிய தொகை கொடுத்தது. ஆனால் அப்போது 29 வயதே ஆகியிருந்த அவரை இங்கிலாந்து அணிக்குத் திரும்ப அழைக்க யாரும் முன்வரவில்லை. காயங்கள் அவரைத் துரத்தின. க்ரூ, ஸ்டாக்போர்ட் என்று சிறிய கிளப்புகளில் அவருடைய லீக் வாழ்க்கை முடிந்தது.

சம்பள உச்சவரம்பு 1961 ஜனவரியில் நீக்கப்பட்டது; விரைவிலேயே ஃபுல்ஹாமின் ஜானி ஹெய்ன்ஸ் வாரம் 100 பவுண்டு பெற்றார். ஒப்பந்தம் முடிந்தவரைக் கட்டிவைக்கும் முறைக்கு எதிராக ஜார்ஜ் ஈஸ்தம் என்ற ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில், அது நியாயமற்ற தொழில் தடை என்று 1963 ஜூலையில் தீர்ப்பு வந்தது. சைப்ரஸ் தலைநகர் நிக்கோசியாவின் அபோயல் கிளப்பில் பயிற்சியாளராக இருந்த ஃபிராங்க்ளின், அந்த ஆண்டு முடிவதற்குள் கோல்செஸ்டர் யுனைடெட்டின் மேலாளரானார்.

அந்த ஈஸ்தம் பிற்பாடு ஸ்டோக் சிட்டியில் சேர்ந்தார். 1972 மார்ச் 4 அன்று, வெம்ப்லியில் செல்சிக்கு எதிரான லீக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அவர் அடித்த கோலால் ஸ்டோக் 2-1 என்று வென்று, தன் முதல் பெரிய கோப்பையை ஊருக்கு எடுத்துச் சென்றது. ஃபிராங்க்ளினுக்கு அப்போது வயது 50.