‘எ நம்பர் ஆஃப்’, ‘தி நம்பர் ஆஃப்’: நான் குழம்பியதும் தெளிந்ததும்

போட்டித் தேர்வுக்கு ஆங்கில இலக்கணம் படித்த காலத்தில், பிழை காணும் வினாக்களில் ஒரே வகை வாக்கியம் என்னைத் திரும்பத் திரும்ப வீழ்த்தியது. ‘தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஹேவ் இன்க்ரீஸ்ட்’ என்பதைப் படித்துவிட்டு, ‘ஸ்டூடன்ட்ஸ்’ பன்மைதானே, ‘ஹேவ்’ பொருந்துகிறதே என்று எண்ணி, ‘பிழை இல்லை’ என்று குறித்துவந்தேன். விடை தவறு என்று தெரிந்தபோதும் காரணம் விளங்கவில்லை. ‘தி’ வந்தால் ஒருமை, ‘எ’ வந்தால் பன்மை என்று மனப்பாடம் செய்தேன், தேர்வறைப் பதற்றத்தில் அதையே மாற்றிப் போட்டேன்.

இரண்டையும் தமிழில் பொருள் கொண்டு பார்த்த பிறகே தெளிவு பிறந்தது. ‘தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்’ என்பது ‘மாணவர்களின் எண்ணிக்கை’. எண்ணிக்கை உயர்ந்துள்ளது என்று எழுதுகிறோமே தவிர, உயர்ந்துள்ளனர் என்று எவரும் எழுதுவதில்லை; எழுவாய் எண்ணிக்கைதான், மாணவர்கள் அல்லர். எனவே அங்கே ‘ஹேஸ்’ வரவேண்டும். ‘எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்’ என்பதோ ‘மாணவர்கள் பலர்’. பலர் வந்துள்ளனர் என்பதைப் போலவே ‘ஹேவ்’ பன்மையாக நிற்கிறது. இங்கே ‘நம்பர்’ எந்த எண்ணையும் குறிப்பதில்லை, எத்தனை பேர் என்பதையும் சொல்வதில்லை. ‘எ லார்ஜ் நம்பர் ஆஃப்’, ‘எ ஸ்மால் நம்பர் ஆஃப்’ என்று அடைமொழி சேர்ந்தாலும் வினை பன்மையே.

இந்த வழியில் ஓர் இடத்தில் மட்டும் கவனம் தேவை. பேச்சுத் தமிழில் ‘பல காரணங்கள் இருக்கு’ என்று அஃறிணைப் பன்மைக்கும் ஒருமை வினையையே பயன்படுத்துகிறோம். அந்தப் பழக்கத்தில் ‘தேர் இஸ் எ நம்பர் ஆஃப் ரீசன்ஸ்’ என்று எழுதிவிடுகிறோம் என்பது என் கணிப்பு. ‘பல காரணங்கள் உள்ளன’ என்று எழுத்துத் தமிழில் சொல்லிப் பார்த்தால், ‘தேர் ஆர்’ என்பது தானாக வரும்.

வினா அமைப்பவர்கள் எழுவாய்க்கும் வினைக்கும் இடையே நீண்ட தொடரைச் செருகுவதும் உண்டு. ‘தி நம்பர் ஆஃப் கேண்டிடேட்ஸ் ஹூ ஹேவ் அப்ளைட் ஃபார் தீஸ் போஸ்ட்ஸ் ஹேஸ் டபுள்ட்’ என்னும் வாக்கியத்தில், விண்ணப்பித்தவர்கள் பலர் என்பதால் முதலில் ‘ஹேவ்’. இரட்டிப்பானது எண்ணிக்கை என்பதால் பிறகு ‘ஹேஸ்’. இதைப் போன்ற பத்து வாக்கியங்களை நானே எழுதி, இடைத்தொடரைப் பென்சிலால் அடைப்புக்குள் வைத்துப் பழகினேன். அதன் பின்னர் இவ்வகை வினாவில் நான் தவறியதில்லை.

இரண்டு தொடர்களுக்கும் பின்னால் பன்மைப் பெயரே வரும். ‘எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்’ என்பது பிழை. தண்ணீர், பணம் போன்று ஆங்கிலத்தில் எண்ணப்படாத பெயர்களுக்கு ‘அமௌண்ட் ஆஃப்’ என்றே எழுதவேண்டும்.