தளபதிகளை எடைபோட்ட ரொனால்ட் லூயின்

பேராதனைத் தாவரவியல் பூங்காவின் அரசப் பனை வரிசைகளுக்கிடையே நடக்கும் பலருக்கு, இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஏப்ரலில், நேச நாடுகளின் தளபதி மவுண்ட்பேட்டன், பர்மாவில் ஜப்பானியரை எதிர்த்த தமது தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைத் தில்லியிலிருந்து இங்கேதான் கொண்டுவந்தார் என்பது தெரியாது. கண்டியில் வளர்ந்த எனக்கு அந்தப் பர்மாப் போரை விளங்கவைத்தவர், ஆங்கிலேயப் போர் வரலாற்றாசிரியர் ரொனால்ட் லூயின்.

1914இல் பிறந்த லூயின், வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் பீரங்கிப்படை அதிகாரியாகப் போரிட்டவர். போருக்குப் பின் நெடுங்காலம் பிபிசி வானொலியில் பணியாற்றிவிட்டு, ஐம்பதைக் கடந்த வயதில்தான் முழுமூச்சாக நூலெழுத இறங்கினார். 1968இல், தாம் எதிர்த்துப் போரிட்ட ஜெர்மானியத் தளபதி ரொம்மலைப் பற்றி எழுதினார். மூன்றாண்டுகள் கழித்து பிரித்தானியத் தளபதி மொண்ட்கொமரியைப் பற்றி. எதிரியென்று தாழ்த்தாமலும் நம்மவரென்று உயர்த்தாமலும், அன்றைய பொழுதில் அந்தத் தளபதிக்கு என்ன தெரிந்திருந்தது, கையில் என்ன இருந்தது என்று கேட்டே அவர் தீர்ப்பெழுதுவார்.

அந்த அளவுகோலே 1974இல் ஆட்டங்கண்டது. ஜெர்மானியரின் சங்கேதச் செய்திகளை நேச நாடுகள் போர்க்காலம் நெடுகிலும் உடைத்துப் படித்துவந்த ‘அல்ட்ரா’ இரகசியம் அவ்வாண்டுதான் பொதுமக்களுக்குத் தெரியவந்தது. தளபதிகளுக்கு என்ன தெரிந்திருந்தது என்ற கேள்விக்கே புதிய விடை வந்துவிட்ட நிலையில், லூயின் ஒதுங்கிக்கொள்ளாமல் அந்த இரகசியத்தையே ஆராய்ந்து 1978இல் தனி நூலாக எழுதினார். அவர்மீது எனக்குள்ள மதிப்பின் பெரும்பகுதி இதனால் வந்தது.

ஆயினும் என் மனத்துக்கு நெருக்கமானது, 1976இல் வெளிவந்து டபிள்யூ. எச். ஸ்மித் இலக்கியப் பரிசு பெற்ற, பர்மாப் போரில் பிரித்தானியப் பதினான்காம் படையின் தளபதியாக இருந்த பீல்ட் மார்ஷல் ஸ்லிம்மின் வாழ்க்கை வரலாறுதான். 1942இல் பர்மாவிலிருந்து பின்வாங்கிய படையை நடத்திவந்த ஸ்லிம், 1944இல் வடகிழக்கு இந்தியாவின் இம்பாலிலும் கொஹிமாவிலும் ஜப்பானியரைத் தடுத்து, 1945 மார்ச்சில் மாண்டலேயையும் மே மாதத்தில் ரங்கூனையும் மீட்டார். மீட்ட கையோடு, மேலதிகாரி ஒலிவர் லீஸ் அவரைப் பதினான்காம் படையின் பொறுப்பிலிருந்து அகற்ற முயன்றார். முடிவில் பதவி பறிபோனது லீஸுக்கே. அந்த இடத்துக்கு வந்தவர் ஸ்லிம். பேராதனையில் இருந்த மவுண்ட்பேட்டனுக்கு இதில் எவ்வளவு பங்கு என்பது வரலாற்றாசிரியர்கள் விவாதித்துவரும் விடயம்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். லூயின் போரைத் தளபதியின் மேசையருகே நின்றே பார்க்கிறார். கண்டிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் பிரித்தானியரோடு இந்தியரும் கிழக்கு ஆபிரிக்கரும் அடக்கமாகியிருக்கிறார்கள். கல்லில் பெயரும் படைப்பிரிவும் இறந்த நாளும் உண்டு. இலங்கையில் பயிற்சி பெற்றுப் பர்மாவுக்குப் போன 11ஆவது கிழக்கு ஆபிரிக்க டிவிஷனின் ஒரு சாதாரணச் சிப்பாய்க்கும் அதே பொறுமையோடு எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று அங்கே போகும்போதெல்லாம் நினைக்கிறேன்.