காப்பீட்டு அட்டை இருந்தும் லேப் பில் கட்டுகிறவர்களுக்கு

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் தனியார் மருத்துவமனைகளில் சேருகிறவர்களுக்குக் காகித வேலைகளில் துணை நிற்கிறோம். ஆபரேஷனுக்குப் பணம் கேட்டார்கள் என்று வருபவர்கள் குறைவு. ரத்தப் பரிசோதனைக்கும் பயாப்சிக்கும் (சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) கட்டிய ரசீதுகளை நீட்டி, "இது திரும்பக் கிடைக்குமா?" என்று கேட்பவர்களே அதிகம். பெரும்பாலும் கிடைக்காது. காப்பீட்டுப் பணம் நேராக மருத்துவமனைக்குத்தான் போகும். ரசீதைக் காட்டி நோயாளி வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இதில் இல்லை. அதனால் முதலிலேயே கட்டாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்பே நிர்ணயித்த ஒரு தொகைதான் மருத்துவமனைக்குக் கிடைக்கும். இதைத் தொகுப்பு என்பார்கள். படுக்கை, மருந்து, டாக்டர் கட்டணம், பரிசோதனை எல்லாம் அதற்குள் அடக்கம். 2018-ல் இந்தத் திட்டத்தோடு இணைந்த பிரதமர் காப்பீட்டுத் திட்டத்தின் விதிப்படி, அட்மிஷனுக்கு முந்தைய 3 நாள் பரிசோதனையும் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 15 நாள் செலவும் அந்தத் தொகைக்குள் வரும். சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. தொகை மாறாது என்பதால், பரிசோதனையை வார்டுக்கு வெளியே தள்ளினால் அந்தச் செலவு மருத்துவமனைக்கு மிச்சம். "இதை மட்டும் வெளியே எடுத்துட்டு வந்திருங்கம்மா" என்ற பேச்சு அங்கிருந்துதான் பிறக்கிறது.

அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வியாதி வந்த பிறகு இதற்கு அலைவது பெரும் சுமை. இப்போதே போட்டு வைத்துவிடுங்கள்.

மருத்துவமனைக்குள் நுழைந்ததும் முதல் வேலை இன்ஷூரன்ஸ் கவுண்டரில் அட்டையைக் காட்டுவது. லேப் அதற்குப் பிறகுதான். பரிசோதனைச் சீட்டு கைக்கு வந்ததும் மேல் மூலையைப் பாருங்கள். ஓ.பி. எண் எழுதியிருந்தால் லேப் கவுண்டர் பணம் கேட்கும். அவர்கள் கணக்கில் நீங்கள் இன்னும் புறநோயாளிதான். "சார், அட்டை கொடுத்திருக்கோம், ஐ.பி. நம்பர் போட்டுத் தாங்க" என்று அந்த இடத்திலேயே கேளுங்கள். கட்டியே ஆக வேண்டும் என்றால் ரசீதில் தேதி, பரிசோதனையின் பெயர், எழுதிக் கொடுத்த டாக்டரின் பெயர் மூன்றும் இருக்கட்டும். "லேப் சார்ஜ்" என்று மொத்தமாக எழுதிய ரசீது பின்னால் எந்தப் புகாருக்கும் உதவாது.

அட்மிஷன் தேவைப்படாத பரிசோதனைகளுக்குக் காப்பீட்டை நம்ப வேண்டாம். சர்க்கரை, கிரியேட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை), சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) போன்றவை ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இலவசம். அங்கே எடுத்த ரிப்போர்ட்டைத் தனியார் டாக்டரிடம் காட்டினால் பல நேரம் ஏற்றுக்கொள்வார். ஏற்காவிட்டால் காரணத்தைக் கேளுங்கள்.

சிகிச்சைக்கு முன் காப்பீட்டுத் தரப்பிடம் மருத்துவமனை வாங்கும் ஒப்புதல்தான் முன் அனுமதி. அது தாமதமாவதற்குப் பெரும்பாலும் காகிதம்தான் காரணம். தைராய்டு ஆபரேஷனுக்கு எஃப்.என்.ஏ.சி. (மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) ரிப்போர்ட், இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைக்க ஆஞ்சியோ படம் பதிந்த சி.டி. தட்டு, புற்றுநோய்க்குப் பயாப்சி என்று நோயை உறுதிசெய்யும் ஆவணத்தைக் கேட்பார்கள். நம் மாவட்டத்தில் அடிக்கடி இடறும் இடம் பெயர். அட்டையில் ஸ்டெல்லா மேரி, லேப் ரிப்போர்ட்டில் மேரி ஸ்டெல்லா என்று இருந்தால் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ரத்தம் கொடுக்கும்போதே ஆதாரைக் காட்டி அதில் உள்ளபடி பதியச் சொல்லுங்கள். வயதுக்கும் இதே கவனம் வேண்டும். பேத்தாலஜிஸ்ட் (திசுவைப் பார்த்து முடிவு சொல்லும் டாக்டர்) கையெழுத்தில்லாத பயாப்சி ரிப்போர்ட்டை வாங்காதீர்கள்.

மறு பரிசோதனைக்கு இன்னொரு தடவை பணம் கேட்பதும் நடக்கிறது. பொட்டாசியம் திடீரென்று கூடுதலாகக் காட்டினால், குழாயைக் குலுக்கியதாலோ ஊசியில் வேகமாக இழுத்ததாலோ சிவப்பணுக்கள் உடைந்திருக்கலாம். அணுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கலந்து அளவைக் கூட்டிவிடும். மாதிரி கெட்டது நோயாளியின் தவறல்ல. மறுபடி எடுக்கும் செலவும் அந்தத் தொகைக்குள்தான் வர வேண்டும்.

களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகிறவர்கள், அந்த மருத்துவமனை தமிழ்நாட்டு அட்டையை ஏற்கிறதா என்று புறப்படும் முன் 1800 425 3993-ல் கேட்டுவிடுங்கள். முன் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டியது உங்களைச் சேர்க்கும் மருத்துவமனை. ஊரில் வாங்கிய அனுமதியை அங்கே கொண்டுபோய்ப் பயன்படுத்த முடியாது.

முறையில் மாற்றம் வேண்டும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. பயாப்சி, மார்பகப் புற்றுநோயின் வகையைக் கண்டறியும் ஐ.எச்.சி. திசுப் பரிசோதனை போன்ற செலவு கூடிய பரிசோதனைகளைத் தொகுப்பிலிருந்து பிரித்து, ரிப்போர்ட்டைப் பதிவேற்றியதும் தனியாகப் பணம் கொடுக்கலாம். அப்படிச் செய்தால் வெளியே அனுப்ப மருத்துவமனைக்குக் காரணம் இருக்காது. சாதாரணப் பரிசோதனைகள் தொகுப்பிலேயே இருக்கட்டும். ஆனால் எவை அடக்கம் என்ற பட்டியலைத் தமிழில் இன்ஷூரன்ஸ் கவுண்டரில் ஒட்ட வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று, "பரிசோதனைக்கு வெளியே பணம் கட்டினீர்களா?" என்று நோயாளியிடம் எழுத்தில் கேட்டு, அந்தப் பதிலையும் கிளெய்மோடு அனுப்ப வேண்டும்.

புகார் கொடுக்க நினைத்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, அட்டை நகல், லேப் ரசீதுகள் மூன்றையும் தேதி வரிசையில் இணைத்து, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். மனு எண்ணை வாங்காமல் வர வேண்டாம். மாவட்டக் காப்பீட்டுக் குறைதீர்ப்புக் குழுவுக்கும் ஆட்சியரே தலைவர். அந்தக் குழுவின் பார்வைக்கு என்று மனுவின் மேலேயே எழுதிவிடுங்கள்.