டுபாயில் ஒரு மேட்டுக்காணி

06.07.2025, ஞாயிறு

இவருக்குச் சம்பளம் கூடிவிட்டது. குடும்ப விசாவுக்கு மாதம் 4,000 திர்ஹாம் காட்டினால் போதும், அதைத் தாண்டி இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டு வாடகைதான் எட்டாமல் இருந்தது. இனி எட்டுமாம். புரட்டாதிக்குள் என்னையும் மகளையும் கூப்பிடுகிறேன் என்கிறார். இப்போது அவர் இருப்பது சோனாப்பூரில், கம்பெனி காம்பில், ஓர் அறைக்கு ஆறு பேர். சோனாப்பூர் என்றால் ஹிந்தியில் தங்க நகரம் என்று அர்த்தமாம்.

"எந்த ஏரியா எண்டு நீரே பார்த்துச் சொல்லும். எனக்கு காம்பையும் ஏசி மெஷினையும் தவிர ஒண்டும் தெரியாது."

சொல்லிவிட்டு அவர் படுத்துவிட்டார். எனக்கு நித்திரை வரவில்லை. முப்பத்துமூன்று வயதாகிறது, எங்கே இருக்க விருப்பம் என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. 2008 கடைசியிலிருந்து அடுத்த வைகாசி வரை எட்டு இடம் மாறினோம், எல்லாம் ஷெல் தள்ளிவிட்ட இடங்கள். பிறகு மெனிக் பாம் அகதி முகாமில் எந்த வலயம், எந்தக் கொட்டில் என்று ஆமிக்காரரே சொன்னார்கள். கலியாணம் முடித்து அக்கராயனுக்கு வந்தேன், அது மாமியின் வளவு.

09.07.2025, புதன்

மாமிக்குச் சொன்னேன். முதல் கேள்வி, "தண்ணி நிக்கிற இடமோ?"

சிரித்துவிட்டேன். பாலைவனத்தில் எங்கே மாமி வெள்ளம்? மாமி சிரிக்கவில்லை. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் கதவுகளைத் திறந்தபோது முரசுமோட்டையில் அவவின் தங்கச்சி வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அதற்குப் பிறகு யார் காணி வாங்கப் போனாலும் மாமி மேட்டுக்காணியா என்றுதான் முதலில் கேட்பா.

இரவு இவரிடம் பகிடியாகச் சொன்னேன். அவரும் சிரிக்கவில்லை. "அம்மா சரியாத்தான் கேட்டிருக்கிறா," என்றார். போன வருஷம் ஏப்ரல் 16 அன்று அங்கே கொட்டிய மழையில் அல் ஐன் பக்கம் ஓரிடத்தில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீற்றர். அந்த நாட்டில் 1949இல் அளக்கத் தொடங்கியதிலிருந்து அதுதான் பெரிய மழை. எங்கள் மாரியில் இப்படி ஒரு நாள் வந்தால் குளம் வாங்கிக்கொள்ளும், வாய்க்கால் கொண்டுபோகும், மிச்சத்தை வயல் குடிக்கும். அங்கே குடிக்க ஒன்றுமில்லை. சார்ஜாவில் சில தெருக்களில் நாட்கணக்காகத் தண்ணீர் நின்று, ஆட்கள் சின்னப் படகுகளில் சாமான் கொண்டுபோனார்களாம்.

அடுத்த நாளே அதை மறந்து வாடகையைப் பற்றித்தான் கதைத்தோம் என்பது வேறு கதை.

18.07.2025, வெள்ளி

சோளகக் காற்று அடித்து வீடு முழுக்கப் புழுதி. கூட்டக் கூட்டக் குறையவில்லை. இங்கே இருந்தபடியே பாலைவனத்துக்குப் பழகலாம் போல.

ஒரு கிழமையாக வட்ஸ்அப்பில் ஏரியா பார்க்கிறேன். கராமா பிடித்துவிட்டது. பழைய, உயரம் குறைந்த கட்டடங்கள், கீழே கடைகள், நடந்து போகிற தூரத்தில் மெற்றோ. இவர் போனைப் பிடித்துக்கொண்டு நடக்க, நானும் மரக்கறிக் கடை வாசலில் நின்றேன். முருங்கைக்காய் கூட இருந்தது. வாடகை கேட்டதும் போனை வைத்துவிட்டோம்.

இன்டர்நஷனல் சிற்றி மலிவு. பகுதிகளுக்குச் சீனா, பிரான்ஸ், ஸ்பெயின், பேர்சியா என்று பெயர். "பிரான்ஸில இருக்கிறன் எண்டு அண்ணிக்குச் சொல்லலாம்" என்றார். அங்கே மெற்றோ இல்லை. நீலப் பாதை கட்டுகிறார்கள், அதை 2029இல்தான் திறப்பார்களாம். அதுவரை வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பது யார்? நான்தான். கட்டுமான வேலையாட்களையே யூன் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரை தொடக்கம் மூன்று மணி வரை வெளியில் வேலை செய்ய விடக்கூடாது என்று சட்டம் போட்டிருக்கும் ஊர் அது. நாலு வயதுப் பிள்ளையோடு நான் எப்படி நிற்பது?

அல் நஹ்தாவில் ஒரு குழப்பம். டுபாயிலும் அல் நஹ்தா, சார்ஜாவிலும் அல் நஹ்தா, நடுவில் எல்லை. விளம்பரத்தில் விலையைப் பார்த்துச் சந்தோசப்பட்டால் அது அநேகமாகச் சார்ஜாப் பக்கம். வாடகை நல்லாகக் குறையும், ஆனால் காலையில் டுபாய்க்குப் போகிற றோட்டு நெரிசல் பேர்போனது. இவரோடு வேலை செய்கிற ஒருவர் ஐந்தரைக்கே வெளிக்கிடுகிறாராம். மகள் எழும்பமுதல் போய், படுத்தபிறகு வருகிற தகப்பனுக்கு காம்பே போதுமே.

27.07.2025, ஞாயிறு

றாஷிதியாவில் சிநேகிதர் ஒருவர் காட்டிய இடம். பெரிய வில்லாவைப் பலகையால் பிரித்து அறை அறையாக வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். மலிவு. ஆனால் இஜாரி பதிய முடியாது. வாடகை ஒப்பந்தத்தை அரசில் பதிகிறதுக்கு அங்கே அதுதான் பெயர், அது இல்லாமல் குடும்ப விசாவும் இல்லை. ஒரு வில்லாவுக்குள் பல குடும்பங்கள் இருப்பதே சட்டப்படி பிழை. அதோடு அந்தக் கதை முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் இவர் முற்றத்தில் நின்று காட்டும்போது ஒரு விமானம் மேலால் போனது. சரியாகத் தலைக்கு மேலே, தாழ்வாக. போனுக்குள்ளால் வந்த சத்தம்தான். நான் மகளின் தலையைக் கையால் பொத்திக்கொண்டு கதிரைக்குக் கீழே குனிந்திருக்கிறேன். பிள்ளை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள்.

இவர் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "இஞ்ச வேண்டாம்," என்றார்.

01.08.2025, வெள்ளி

அல் குசைஸ். இவ்வளவு நாளும் பக்கத்திலேயே இருந்ததை இன்றுதான் சொல்கிறார். சோனாப்பூருக்கு அடுத்த ஏரியா, கம்பெனி பஸ் காம்பிலிருந்து வெளிக்கிடும் இடத்துக்குக் கிட்ட. பச்சைப் பாதை மெற்றோ இருக்கிறது. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிக்கூடங்கள் அந்தப் பக்கம் கூட. அவை ஏப்ரலில்தான் தொடங்கும், மகளுக்கு அதுவரை நேரம் உண்டு.

ஒரு ஸ்டூடியோ, வருஷத்துக்கு 42,000 திர்ஹாம், நாலு காசோலை. முற்பணம் 5 வீதம், தரகருக்கு 5 வீதம், மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் 2,000 வைப்பு. பிறகு வாடகையில் 5 வீதத்தை வீட்டுக் கட்டணம் என்று பன்னிரண்டாகப் பிரித்து மாதா மாதம் தண்ணி பில்லில் சேர்ப்பார்கள். மாமிக்கு எங்கட ரூபாய்க் கணக்கில் 82ஆல் பெருக்கிக் காட்டினேன். முப்பத்துநாலு இலட்சம்! "ஒரு அறைக்கோ? அந்தக் காசுக்கு இஞ்ச காணி வாங்கிக் கிணறும் வெட்டலாம்." அதற்கு என்னிடம் பதிலில்லை.

"வாசல் எந்தப் பக்கம்?" என்று மாமி கேட்டா. நான் யன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவவுக்குச் சாத்திரம், எனக்கு வெயில். மேற்குப் பார்த்த சுவர் பின்னேரம் முழுக்கச் சூட்டைக் குடித்து, இரவு முழுக்க உள்ளே விடும், ஏசிக்காரரான இவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். போய்ப் பார்த்துவிட்டு, யன்னல் வடக்கு, முன்னால் இன்னொரு கட்டடம், நிழல் விழுகிறது என்றார். வெளிச்சம் குறைவு. பரவாயில்லை.

கிணற்றுக்கு என்ன செய்வது என்பது மாமியின் கடைசிக் கவலை. கடல் தண்ணியைச் சுத்திகரித்துத்தான் தருகிறார்கள் என்றேன். வவுனியாப் பக்கம் கிணற்றுத் தண்ணிக்குப் பயந்து வடிகட்டிய தண்ணி வாங்கிக் குடிக்கிற சனத்தைத் தெரிந்தபடியால் அதை ஏற்றுக்கொண்டா. கோடையில் மொட்டைமாடித் தாங்கி கொதித்து, பச்சைத் தண்ணிக் குழாயிலேயே சுடுதண்ணி வருமாம். அதனால் ஆட்கள் கீசரை நிற்பாட்டிவிட்டு, அறைக்குள் அதன் தொட்டியில் ஆறிய தண்ணியில் குளிக்கிறார்கள். சுடுதண்ணிக் குழாயைத் திறந்தால் குளிர்ந்த தண்ணி. மாமி நெடுநேரம் சிரித்தா.

15.08.2025, வெள்ளி

அயலில் பாதிப்பேர் மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டார்கள், ஒழுங்கை வெறிச்சென்று கிடக்கிறது.

ஒன்றை இவரிடம் கேட்கவேண்டியிருந்தது, கேட்கவும் தயக்கம். குசைஸும் விமான நிலையத்துக்குக் கிட்டத்தான். மேப்பில் பார்த்தேன். ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் இருக்கிறது, அது நீளும் திசையில் இல்லை. மேப்பில் சத்தம் கேட்காதே. "இரவு அங்க போய் யன்னலைத் திறந்து வைச்சு, கதைக்காமல் போனில பதிஞ்சு அனுப்புங்கோ" என்றேன். ஏனென்று அவர் கேட்கவில்லை. காவலாளியிடம் என்ன சொல்லி உள்ளே போனாரோ.

16.08.2025, சனி

பதிவு வந்தது, பதினொரு நிமிடம். விளக்கை அணைத்துவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் படுத்தபடி கேட்டேன். முதலில் ஏசிகளின் இரைச்சல், கட்டடம் முழுக்க. கண்ணை மூடினால் சிறுபோக வயலுக்குத் தண்ணி இறைக்கிற பம்பி போலவே. ஒரு குழந்தை அழுகிறது. கீழே யாரோ மலையாளத்தில் யாரையோ கூப்பிடுகிறார். ஆறாவது நிமிடத்தில் ஒரு விமானம், தூரத்தில், கடலிரைச்சல் மாதிரி வந்து கரைந்தது. பத்தாவது நிமிடத்தில் இன்னொன்று. இரண்டாவதுக்கு நான் கையை மகளின் தலையில் வைத்தேன், ஆனால் பொத்தவில்லை. இடையில் இவர் ஒருதரம் செருமுகிறார்.

திரும்பவும் ஒருதரம் போட்டுக் கேட்டேன். திங்கட்கிழமை காசோலையைக் கொடுக்கச் சொல்லிவிட்டேன்.