அந்த ‘இட்’ யாரு தம்பி?

பாளையங்கோட்டையில் எங்கள் தெரு முனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு மூன்று வாரமாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ராத்திரி எட்டரைக்கு மேல், வியாபாரம் ஓய்ந்த பிறகு. அரிசி மூட்டை மேல் நான், கல்லாவுக்குப் பின்னால் அவர், நடுவில் ஒரு பழைய கணக்கு நோட்டு. வெளியே ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்ததால் அதையே பாடமாக்கிவிடலாம் என்று ‘இட் இஸ் ரெயினிங்’ என்று எழுதிக் காட்டினேன்.

நோட்டை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார். “ரெயின்னா மழை. ரெயினிங்னா பெய்யுது. சரி. அந்த ‘இட்’ யாரு தம்பி?”

பத்தாண்டு தமிழ் வழியில் படித்து, அப்புறம் கல்லூரியில் முட்டி மோதி இங்கிலீஷ் கற்றவன் நான். இந்தக் கேள்வியை எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. யாரும் கேட்க விட்டதும் இல்லை. எங்கள் பள்ளியில் இங்கிலீஷ் என்றால் மனப்பாடம், அவ்வளவுதான். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று தொடங்கும் லீவ் லெட்டர் ஒன்று இருக்கிறதே, அது ஒன்றுதான் எங்களுக்குத் தெரியும். அக்கா கல்யாணத்துக்கும் அந்த லெட்டர், கோயில் கொடைக்கும் அந்த லெட்டர். வகுப்பே வருஷம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்தது.

சரி, ‘இட்’ யார்? ஒருவரும் இல்லை. தமிழில் ‘வந்தேன்’ என்று சொன்னால் போதும், அந்த ‘ஏன்’ விகுதியே நான் என்று காட்டிக்கொடுத்துவிடும். வந்தாய், வந்தாள், வந்தோம் எல்லாம் அப்படித்தான், எழுவாயைத் தூக்கி எறிந்தாலும் வாக்கியம் நிற்கும். இங்கிலீஷ் வினைச்சொல்லுக்கு அந்த வால் கிடையாது. ‘கேம்’ என்றால் யார் வந்தார் என்று அதற்கே தெரியாது. அதனால் எழுவாய் இருக்கும் இடம் காலியாகவே இருக்கக் கூடாது என்பது அந்த மொழியின் பிடிவாதம். மழை, மணி, நேரம், தூரம் போன்றவற்றுக்கு ஆள் இல்லையென்றால் ஒரு ‘இட்’டைக் கொண்டுவந்து நிறுத்திவிடும். இட் இஸ் லேட். இட் இஸ் நைன் ஓ கிளாக்.

“அப்ப சோளக்கொல்லை பொம்மைன்னு சொல்லு” என்றார் அண்ணாச்சி. நான் பத்து வரியில் சொன்னதை அவர் இரண்டு சொல்லில் முடித்துவிட்டார். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்குத் திரும்ப வருவேன்.

அன்றிலிருந்து நான் பாடம் நடத்தும் விதமே மாறிவிட்டது. இங்கிலீஷ் படிக்கும்போது தமிழை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வா என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அது சுத்தத் தப்பாகப் படுகிறது. நாம் விடும் பிழைகளில் பாதி தமிழிலிருந்து வருவது உண்மைதான், ஆனால் அதைத் திருத்திக்கொள்ளும் வழியும் பெரும்பாலும் தமிழுக்குள்ளேயேதான் இருக்கிறது. (இங்கிலீஷ் வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.)

‘எ’, ‘ஆன்’, ‘தி’ மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கடை, ஓர் ஊர். உயிரெழுத்துக்கு முன்னால் ‘ஓர்’ வரும் என்று தமிழாசிரியர் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தாரே, அதேதான் எ ஷாப், ஆன் ஆப்பிள். இங்கிலீஷில் எழுத்தைப் பார்க்கக் கூடாது, காதால் கேட்க வேண்டும், அது ஒன்றுதான் வித்தியாசம். ‘அவர்’ என்று ஒலிக்கும் மணிநேரச் சொல் ‘எச்’ என்ற எழுத்தில் தொடங்கினாலும் ஒலிப்பது உயிர், எனவே ஆன் அவர். யூனிவர்சிட்டி ‘யூ’ என்ற உயிரெழுத்தில் தொடங்கினாலும் காதில் விழுவது ‘யூ’ என்னும் மெய் கலந்த ஒலி, எனவே எ யூனிவர்சிட்டி. அதே மாதிரி ஆன் எம்எல்ஏ. ‘தி’ தான் தமிழில் இல்லை என்பார்கள். இல்லாமல் என்ன? ஆச்சி கதை சொல்லும்போது எப்படி ஆரம்பிப்பாள்? “ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம். அந்த ராஜாவுக்கு ரெண்டு பொண்டாட்டியாம்.” முதல் தடவை ‘ஒரு’, இரண்டாவது தடவை ‘அந்த’. முதலில் எ கிங், அப்புறம் தி கிங். ஆற்றுப் பெயருக்கு முன்னால் தி போடுவது (தி தாமிரபரணி), ஊர்ப் பெயருக்குப் போடாமல் விடுவது எல்லாம் தனிக் கதை, அதைப் பழக்கத்தில்தான் பிடிக்க வேண்டும். ஆனால் பாதிக் கிணற்றை ஆச்சி தாண்ட வைத்துவிடுவாள்.

‘மை ஃபாதர் ஃபார்மர்’ என்று பிள்ளைகள் எழுதுவதும் சோம்பேறித்தனத்தால் இல்லை. “எங்க அப்பா விவசாயி” என்பதில் வினைச்சொல் எங்கே இருக்கிறது? இரண்டு பெயர்ச்சொல்லை அடுத்தடுத்து வைத்தாலே தமிழில் வாக்கியம் ஆகிவிடும். இங்கிலீஷில் ஆகாது, நடுவே ஒரு ‘இஸ்’ வேண்டும், ‘எ’யும் வேண்டும். காரணத்தைச் சொன்னால் ஒரு பிள்ளை திரும்ப அந்தத் தப்பைச் செய்யாது, சிவப்பு மையால் சுழித்தால் அடுத்த தேர்விலும் செய்யும்.

‘டிட் யூ வென்ட்’ என்பது இன்னொரு தீராத வியாதி. கேள்வி கேட்கத் தமிழுக்கு ஒரு ‘ஆ’ போதும்: போனான், போனானா? இங்கிலீஷுக்கு அதற்கென்று ‘டூ’ என்று ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் வந்ததும் காலத்தைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு ‘டிட்’ ஆகிவிடுகிறான். அப்புறம் வினைச்சொல் வெறுங்கையோடு நடக்கலாம்: டிட் யூ கோ? ஒரே மூட்டையை இரண்டு பேர் தலையிலும் ஏற்றாதே என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். லோடு இறக்கும் மனிதருக்கு அது உடனே புரிந்தது. ‘எஸ்’ எழுத்து விவகாரமும் கிட்டத்தட்ட இதுதான். தி பாய் ரன்ஸ், தி பாய்ஸ் ரன். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஓர் எஸ், அது ஒருத்தரிடம் இருந்தால் இன்னொருத்தரிடம் இருக்காது. ஐ, யூ இரண்டும் இந்தக் கணக்கில் சேராது, சில்ட்ரன் மாதிரி எஸ் இல்லாமலே பன்மையாக நிற்பவையும் உண்டு என்பதைக் கூடவே சொல்லிவிட வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ‘இருக்கேன்’ விவகாரம். “கடை வச்சிருக்கேன்” என்பதை அண்ணாச்சி ‘ஐ ஆம் ஹேவிங் எ ஷாப்’ என்றார். பாவம், அந்த ‘இருக்கேன்’ அவரை ‘ஆம்’ பக்கம் இழுத்துவிட்டது. உடைமைக்கு வெறும் ‘ஐ ஹேவ்’ தான் (சாப்பிடுவதற்கு ஹேவிங் டின்னர் என்று சொல்லலாம்). ‘ஐ ஆம் நோயிங்’ என்பதும் தப்பு. ஏன் என்று கேட்டார். “எனக்குத் தெரிஞ்சுக்கிட்டு இருக்குன்னு சொல்லுவியளா அண்ணாச்சி?” என்றேன். சிரித்துவிட்டார். தெரியும் என்றால் தெரியும், அது நடந்துகொண்டிருக்கும் வேலை இல்லை என்று அவருக்குள் இருக்கும் தமிழுக்கே தெரிந்திருக்கிறது.

இதே ‘இருக்கேன்’ இன்னொரு இடத்தில் கைகொடுக்கும். “குற்றாலம் போயிருக்கியா?” என்றால் வாழ்நாளில் எப்போதாவது என்று பொருள்: ஹேவ் யூ பீன் டு குற்றாலம்? “போன சாரலுக்குப் போனியா?” என்றால் குறிப்பிட்ட காலம்: டிட் யூ கோ? நாள் கிழமை சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ கூடாது. இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. “நேத்து நான் இல்லாதப்ப வந்திருக்கான்” என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம். அந்த ‘இருக்கான்’ வேறு வேலை செய்கிறது, நான் பார்க்கவில்லை, வந்த தடயத்தை வைத்துச் சொல்கிறேன் என்று பொருள். அதற்கு இங்கிலீஷில் ‘ஹேஸ் கம்’ போட முடியாது, ‘ஹி கேம் யெஸ்டர்டே, இட் சீம்ஸ்’ என்றுதான் சுற்றிப் போக வேண்டும். தமிழ் நம்மை எல்லா இடத்துக்கும் கொண்டுபோய் விடாது. எதுவரை கூட வரும் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

தமிழ் படிக்க வந்த வெள்ளைக்காரர்களுக்கு இதே தொல்லை தலைகீழாக இருந்திருக்கும். நம் மாவட்டத்து இடையன்குடியில் 1841 முதல் இருந்த கால்டுவெல், 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டவர், அவருடைய இங்கிலீஷில் இருந்தது ஒரே ஒரு ‘வீ’. இங்கே வந்தால் நாம் ஒன்று, நாங்கள் ஒன்று. “நாம சாப்பிடுவோம்” என்பதற்கும் “நாங்க சாப்பிடுவோம்” என்பதற்கும் நடுவில் ஒரு விருந்தாளியின் வயிறு இருக்கிறது.

அடுத்து அணிகள். மெட்டஃபர், சினெக்டகி, ஹைப்பர்போலி என்று பெயரைப் பார்த்தே பிள்ளைகள் பயப்படுகிறார்கள். எல்லாம் கிரேக்கப் பெயர்கள், ஆனால் சரக்கு நம் டீக்கடையில் கிடைப்பதுதான். ‘இட்’டை அண்ணாச்சி சோளக்கொல்லை பொம்மை என்றாரே, அது மெட்டஃபர், நம் உருவகம். பொம்மை மாதிரி என்றிருந்தால் சிமிலி, உவமை. சிமிலிக்கு ‘லைக்’ வரும், ‘ஆஸ்’ வரும். இரண்டையும் குழப்பினால் ஆளே மாறிவிடுவான். ‘ஹி ஒர்க்ஸ் ஆஸ் எ கிளார்க்’ என்றால் கிளார்க்காக வேலை பார்க்கிறார், சம்பளம் வாங்குகிறார். ‘லைக் எ கிளார்க்’ என்றால் கிளார்க் மாதிரி, ஆனால் கிளார்க் இல்லை. ‘ஆக’ எங்கே, ‘மாதிரி’ எங்கே என்று பார்த்தால் போதும்.

“தலைக்கு நூறு ரூபா” என்று கொடைக்கு வரி பிரிக்கும்போது ஆளின் ஓர் உறுப்பைச் சொல்லி ஆளையே குறிக்கிறோம். சினையாகுபெயர், அவர்கள் ஊரில் சினெக்டகி. கப்பலில் ‘ஆல் ஹேண்ட்ஸ்’ என்றால் கைகளை மட்டும் அனுப்புவதில்லை. “ஊரே சிரிக்கும்” என்றால் மெட்டனிமி, ஒன்றைச் சொல்லி அதோடு தொடர்புள்ள இன்னொன்றைக் குறிப்பது. கோட்டை என்று சொல்லித் தமிழக அரசைக் குறிப்பதும், கிரவுன் என்று சொல்லி அரச அதிகாரத்தைக் குறிப்பதும் அதே கணக்கு. ஆயிரம் தடவை சொல்லிட்டேன் என்பது ஹைப்பர்போலி, இரண்டு மொழியிலும் அதே ஆயிரம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஹைப்பர்போலியைவிட லிட்டொட்டீஸ் இயல்பாக வரும். அதாவது எதிர்மறையில் பாராட்டுவது. வீட்டில் சொதி வைத்து, தேங்காய்ப்பால் கணக்காக இறங்கி, இஞ்சித் துவையலோடு மூன்று தடவை சோறு வாங்கித் தின்றுவிட்டு எழுந்திருக்கும் மாமா என்ன சொல்வார்? “மோசமில்ல.” நாட் பேட். நெல்லைச் சீமையில் ஒரு சமையலுக்கு இதைவிடப் பெரிய பட்டயம் கிடையாது. தாமதமாக வருபவரை “வாரும்வே, இவ்வளவு சீக்கிரமா வந்துட்டீரே” என்பது ஐரனி. விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்பது, போறேன் என்னாமல் “வாரேன்” என்பது, இறந்தவரைத் தவறிட்டாவ என்பது எல்லாம் யூஃபெமிசம், நம் இலக்கணத்தில் மங்கலம். அவர்கள் ‘பாஸ்டு அவே’ என்பார்கள். ஊரறிந்த ரகசியம், ஓப்பன் சீக்ரெட், ஆக்சிமோரன். அந்தப் பெயரே ஒரு வேடிக்கை, கிரேக்கத்தில் கூர்மை என்ற சொல்லையும் மழுக்கம் என்ற சொல்லையும் ஒட்டிச் செய்தது, தன் பெயரிலேயே முரண்.

இடியம், அதாவது மரபுத்தொடர், மட்டும் சொல்லுக்குச் சொல் மாற்றினால் கெட்டுப்போகும். ‘ஹி கேவ் மி ஹல்வா’ என்று ஒரு வெள்ளைக்காரனிடம் சொன்னால், நல்ல மனிதர்தானே, இதில் என்ன வருத்தம் என்பான். ஏமாற்றிவிட்டான் என்ற பொருள் அங்கே போய்ச் சேராது. ஆனால் சிலதுக்கு அங்கேயும் ஓர் இரட்டைப் பிள்ளை இருக்கும். ‘கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்’ என்பார்கள். வடகிழக்கு இங்கிலாந்தில் டைன் ஆற்றங்கரையில் இருக்கும் நியூகாசிலிலிருந்துதான் ஒரு காலத்தில் கப்பல் கப்பலாக நிலக்கரி வெளியூருக்குப் போனது, அந்த ஊருக்கே ஒருவன் கரி மூட்டை தூக்கிக்கொண்டு போனால்? அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. “திருநெல்வேலிக்கே அல்வாவா!”

போன வெள்ளிக்கிழமைதான் அவர் எதற்காகப் படிக்க வந்தார் என்பதையே சொன்னார். பேரன் பெங்களூரில் வளர்கிறான், ஐந்து வயது, தமிழ் காதில் விழும், வாயில் வருவது இங்கிலீஷ். ஆவணியில் வீடியோ காலில் ஏதோ கோபத்தில் கேட்டிருக்கிறான், “டோன்ட் யூ லைக் மி, தாத்தா?” என்னைப் பிடிக்காதா என்கிறான் என்பது வரை இவருக்குப் புரிந்துவிட்டது. பதறிப்போய் “நோ, நோ, நோ” என்றிருக்கிறார். பிள்ளை ஓவென்று அழுதுவிட்டுப் போய்விட்டதாம்.

தமிழில் அவர் சொன்னது சரியான பதில். “பிடிக்காதா?” என்றால் “இல்ல, இல்ல, பிடிக்கும்” என்போம், கேட்டவர் நினைப்பதை மறுக்கிறோம். “காப்பி வேண்டாமா?” என்றால் “ஆமா, வேண்டாம்” என்போம், நினைப்பதை ஒத்துக்கொள்கிறோம். இங்கிலீஷ்காரன் கேட்டவர் நினைப்பைப் பார்ப்பதில்லை, விஷயத்தைப் பார்க்கிறான். பிடிக்கும் என்றால் கேள்வி எப்படி வந்தாலும் எஸ். வேண்டாம் என்றால் எப்படிக் கேட்டாலும் நோ. எஸ், ஐ டூ. நோ, ஐ டோன்ட். நான் இதை நோட்டில் எழுதிக் காட்ட, அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று கால் கிலோ உளுந்து வாங்கப் போயிருந்தேன். முள் நேராகும்வரை தராசைப் பார்த்துக்கொண்டே மெதுவாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார். “எஸ், ஐ டூ. எஸ், ஐ டூ.” ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்குப் போன் போட வேண்டுமாம்.