70 கிலோமீட்டர் வேகத்தில் வரும் உதறல்: எஞ்சினா, கியர்பாக்ஸா?

ஞாயிற்றுக்கிழமை காலை 140 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தேன். உதறல் ஒரு தடவைகூட வரவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஏழு மாதத்துக்கு முன் வாங்கிய செகண்ட் ஹேண்ட் வண்டி. ஆறு கியர் ஆட்டோமேட்டிக், வழக்கமான டார்க் கன்வர்ட்டர் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வகை, கியர்பாக்ஸ் ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பி கிடையாது. வாங்கிய மூன்றாம் வாரமே தொல்லை தொடங்கிவிட்டது. 65லிருந்து 75 வரையிலான வேகத்தில், ஆக்சிலரேட்டரில் காலை லேசாக வைத்துச் சீராகப் போகும்போது, இரண்டு மூன்று விநாடி வண்டி முழுக்க உதறும். மிதியை அழுத்தினாலும் நின்றுவிடும், காலை எடுத்தாலும் நின்றுவிடும். வண்டி குளிர்ந்திருக்கும்போது வராது. இருபது நிமிடம் ஓடிய பிறகுதான் ஆரம்பிக்கும். இது போக, காலையில் ரிவர்ஸ் போட்டால் கியர் பிடிக்க ஏறக்குறைய இரண்டு விநாடி எடுத்துக்கொள்ளும்.

முதலில் காட்டிய இடத்தில் ஸ்பார்க் பிளக்கை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன், ஒரு வித்தியாசமும் இல்லை. அடுத்த இடத்தில் ஒரே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கன்வர்ட்டர் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்றார்கள். வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகவில்லை, கியர்பாக்ஸ் ஆயில் எந்த நிறத்தில் இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. இவ்வளவு பெரிய வேலையை எதையும் அளந்து பார்க்காமல் சொல்வது தப்பு என்று இப்போதும் நினைக்கிறேன். அன்றைக்குத்தான் நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

டயரோ டிரைவ் ஷாஃப்ட்டோ காரணமாக இருந்தால் மிதியை இம்மி கூட்டினாலும் குறைத்தாலும், இரண்டிலும் உதறல் இப்படிச் சட்டென்று நிற்காது. அதனால் அந்தப் பக்கம் போகவில்லை. மிச்சம் இரண்டு சந்தேகம்: எஞ்சினில் மிஸ்ஃபயர் (ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாகப் பற்றாமல் போவது), இல்லையென்றால் கன்வர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வழுக்காமல் நேராகப் பிணைப்பது). எல்லோரும் சொல்லும் பிரேக் சோதனையைத்தான் முதலில் செய்தேன். ஆளில்லாத சாலை, பின்னால் வண்டி எதுவும் இல்லை. தம்பி ஓட்டினான், நான் பக்கத்தில். உதறல் தொடங்கியதும், "பிரேக் மிதியைத் தொட்டுவிட்டு விடு, அழுத்திப் பிடிக்காதே, விளக்கு எரிந்தால் போதும்" என்றேன். தொட்டான். ஆர்பிஎம் 200 போல ஏறியது, உதறல் அப்படியே அடங்கியது. பிரேக் சுவிட்ச் சிக்னல் வந்து சேர்ந்ததும் கம்ப்யூட்டர் லாக்-அப்பை விடுவித்துவிடும், அதனால் இப்படி நடக்கிறது.

இந்தச் சோதனை செய்தவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்தி, "லாக்-அப் கிளட்ச்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். லாக்-அப் பிடித்திருக்கும்போது எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நேரடிப் பிணைப்பு. எஞ்சின் ஒரு தடவை இருமினாலும் உங்கள் முதுகில் தெரியும். லாக்-அப் விட்டதும் நடுவில் ஆயில் மெத்தை வந்துவிடுகிறது. அப்போது மிஸ்ஃபயரும் காணாமல் போகும்! ஆக, பிரேக்கைத் தொட்டு உதறல் நின்றால் 'லாக்-அப் நேரத்தில் வருகிற உதறல்' என்று மட்டும்தான் சொல்லலாம். யார் குற்றவாளி என்பதை அது சொல்லாது. என்னைப் பிளக் மாற்ற வைத்தவர்களும் கன்வர்ட்டர் போச்சு என்றவர்களும் இதே சோதனையை வைத்தே ஆளுக்கொரு பக்கம் பேசியிருக்க முடியும்.

பிரித்துச் சொல்வது ஸ்லிப் அளவு, அதாவது எஞ்சின் ஆர்பிஎம்முக்கும், கன்வர்ட்டருக்குள் கியர்பாக்ஸ் பக்கம் சுற்றும் டர்பைனின் ஆர்பிஎம்முக்கும் உள்ள வித்தியாசம். மிஸ்ஃபயர் என்றால் இரண்டும் சேர்ந்தே ஆடும், நடுவில் உள்ள இடைவெளி மாறாது. கிளட்ச் வழுக்கி வழுக்கிப் பிடித்தால் இடைவெளியே ஆடும். டர்பைன் வேகத்தைச் சாதாரண ஓபிடி (வண்டியின் சுயபரிசோதனை) ஆப்பின் பொதுப் பட்டியலில் எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் வண்டித் தயாரிப்பாளரின் தனிப் பட்டியலைப் படிக்கிற ஸ்கேனர் வேண்டும். அது இல்லாதவர்கள் ஆர்பிஎம்மை வேகத்தால் வகுத்துப் பாருங்கள். என் வண்டியில் ஐந்தாம் கியரில் லாக்-அப் முழுதாகப் பிடித்தால் மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கு 25 ஆர்பிஎம். 68இல் போனால் 1700, 80இல் போனால் 2000. இந்த விகிதம் அசையாமல் இருந்தால் பிடித்திருக்கிறது, 26, 27 என்று மேலே போய்வந்தால் வழுக்குகிறது.

ஸ்கேனரில் என்னை ஒரு வாரம் அலைக்கழித்த விஷயம் ஒன்று உண்டு. பார்க்கிற அளவுகள் எல்லாவற்றையும் டிக் செய்து வைத்திருந்தேன், மொத்தம் பதினான்கு. ஒவ்வொன்றும் புதுப்பிக்க ஒன்றரை விநாடி ஆனது. உதறலே இரண்டு மூன்று விநாடிதான்! வரைபடத்தில் ஒன்றும் தெரியாமல், எல்லாம் சரியாக இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். எஞ்சின், டர்பைன், லாக்-அப் கட்டளை என்று மூன்றை மட்டும் வைத்ததும் விநாடிக்கு நான்கு அளவு கிடைத்தது. உதறலின் ஒவ்வொரு துடிப்பையும் பிடிக்க அதுவும் போதாது. ஆனால் ஸ்லிப் அடங்குகிறதா இல்லையா என்று தெரிந்துவிடுகிறது. முழுதாகப் பிடி என்று லாக்-அப் கட்டளை கொடுக்கப்பட்ட பிறகும் ஸ்லிப் 15, 90, 40, 130, 20 என்று குதித்தது. மிஸ்ஃபயர் எண்ணிக்கை நான்கு சிலிண்டரிலும் பூஜ்யம். மூன்றாவது ஓட்டத்தில் பி0741 என்ற பிழைக் குறியீடும் (கோடு) ஒரு தடவை வந்து உட்கார்ந்தது. லாக்-அப் சரியாகப் பிடிக்கவில்லை என்பதற்கான கோடு அது. எந்தப் பாகத்தால் என்று அது சொல்லாது.

லாக்-அப் ஒன்றும் புதுசு இல்லை. 1949இலேயே அமெரிக்க கார் கம்பெனி பாக்கார்டின் அல்ட்ராமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் வந்துவிட்டது. அது இல்லாவிட்டால் கன்வர்ட்டர் எப்போதும் கொஞ்சம் வழுக்கிக்கொண்டே, பெட்ரோலை வெப்பமாக மாற்றிக்கொண்டிருக்கும்.

அடுத்து, லாக்-அப்புக்கான ஆயில் வால்வை இயக்கும் மின்காந்தச் சுருளான சொலினாய்டின் தடையைக் கனெக்டர் வழியாகவே அளந்தேன். மல்டிமீட்டர் ஒயரின் சொந்தத் தடையான 0.3 ஓம் கழித்து, 28 டிகிரியில் 5.3 ஓம், 82 டிகிரியில் 6.4 ஓம். செம்புக்கு ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் தடை கூடும். கணக்குப் போட்டால் 6.4தான் வர வேண்டும், ஆக சுருள் சரி. சூட்டில் அளக்காமல் விட்டுவிடாதீர்கள். உள்ளே சுற்று விட்டுப்போன சொலினாய்டு குளிரில் நல்ல பிள்ளையாகவே காட்டும்.

சரி, இனி கியர்பாக்ஸ் ஆயில். என் நேரத்தை அதிகம் தின்றது இந்தக் கட்டம்தான்.

டிப்ஸ்டிக்குக்குப் பதில் இருப்பது மட்டம் பார்க்கும் பிளக்; ஆயில் சரியான மட்டத்துக்கு மேல் இருந்தால் அதன் வழியே வழியும். அதைத் திறக்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், ஆயில் என் வண்டியின் மேனுவல்படி 40லிருந்து 45 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தப்பினாலும் மட்டம் தப்பு. முன் சக்கரத்தை மட்டும் ரேம்ப்பில் ஏற்றினால் வண்டி சாய்ந்திருக்கும், எனவே நான்கு ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தி, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் வர முக்கால் மணி நேரம் ஆனது.

வெப்பநிலைதான் ஏமாற்றுகிற இடம். ஸ்கேனர் 43 காட்டுகிறது, தொடாமலே வெப்பம் அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கியைப் பானின் (கியர்பாக்ஸின் அடியில் ஆயில் நிற்கும் தட்டு) மீது பிடித்தால் 31. எது சரி? சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருக்கும் பளபளக்கும் அலுமினியத்தில் துப்பாக்கி குறைத்தே காட்டும். பானில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மீது பிடித்தேன்: 40. வெளித்தோல் உள்ளிருக்கும் ஆயிலைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருப்பது நியாயம்தானே. ஸ்கேனரை நம்பினேன்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், சூடானால் ஆயில் விரியும். மொத்தக் கொள்ளளவு 7.8 லிட்டர். 45க்குப் பதில் 85 டிகிரியில் பிளக்கைத் திறந்து வழியவிட்டு மூடினால், ஏறக்குறைய கால் லிட்டர் குறைவாகிவிடும். எனக்கு முன்னால் யாரோ அப்படிச் செய்திருக்கிறார்கள் என்றே சந்தேகம். நான் சரியான சூட்டில் திறந்தபோது ஒரு சொட்டுகூட வரவில்லை. 600 மில்லி ஊற்றிய பிறகுதான் நூல் போல வழிந்தது. அந்த நூல் சொட்டாக மாறும் நொடியில் மூட வேண்டும். மறுநாள் காலை ரிவர்ஸ் ஒரு விநாடிக்குள் பிடித்தது. உதறல் மட்டும் குறையவில்லை.

பிறகு ஆயிலை மாற்றினேன். இறங்கியது 3.4 லிட்டர், கரும்பழுப்பு, லேசான கருகல் வாடை. பானின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தது. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தேன், கண்மை போல வழவழவென்று பரவியது. நெருடியிருந்தால், இரும்புச் சிலும்பு இருந்திருந்தால், அப்போதே ஒத்துக்கொண்டு கியர்பாக்ஸை இறக்கியிருப்பேன்.

ஒரு தடவை மாற்றினால் பழைய ஆயிலில் 56 சதவீதம் உள்ளேயே இருக்கும், அது கன்வர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடுகிறது. இரண்டாவது தடவைக்குப் பின் 32, மூன்றாவதுக்குப் பின் 18. முதல் மாற்றத்துக்குப் பிறகு உதறல் பாதியானது. இரண்டாவதுக்குப் பிறகு 300 கிலோமீட்டர் ஓடியதும் நின்றே போனது, ஸ்லிப் 5க்கும் 15க்கும் நடுவில் அடங்கி நிற்கிறது. கிளட்ச் தேய்ந்து போகவில்லை; ஆயிலில் உள்ள உராய்வைச் சீராக வைக்கும் சேர்மானம்தான் செத்துப்போயிருந்தது என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆயில் வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். 'இந்த வண்டிகளுக்கு ஏற்றது' என்பது விற்பவர் சொல்வது, 'அங்கீகாரம் பெற்றது' என்பது வண்டித் தயாரிப்பாளர் கொடுத்தது. நான் இரண்டாவது வகையைத்தான் வாங்கினேன். வாஷர் விஷயத்தில் மட்டும் ஏமாந்தேன்: ஆன்லைனில் வந்தது உள்விட்டம் ஒரு மில்லிமீட்டர் பெரிது, பிளக்கில் நடுவில் உட்காரவே இல்லை. திருப்பி அனுப்பிவிட்டேன்.

இதற்கிடையில் பிரஷர் கேஜ் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். லைன் பிரஷரை (கியர்பாக்ஸுக்குள் ஆயிலின் அழுத்தம்) எஞ்சின் ஐடிலில் ஓடும்போது, டி (டிரைவ்) நிலையிலும் ரிவர்ஸிலும் அளந்து, வண்டி நல்ல நிலையில் இருக்கும்போதே எண்களைக் குறித்து வைக்க ஆசை. தனியாக ஒரு ஆயில் கூலர் மாட்டலாமா என்றும் யோசனை ஓடுகிறது. தம்பி, "முதலில் கையில் இருக்கிற வேலையை முடி அண்ணா" என்கிறான். மூன்றாவது மாற்றம் பாக்கி இருக்கிறது. டப்பா நான்கும் அலமாரியில் தயார், சரியான அளவு வாஷர் வந்ததும் வண்டியை மறுபடி ஸ்டாண்டில் ஏற்ற வேண்டும்.