மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக்கு: ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ கனமாக ஒலிப்பது எதனால்?

பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் குழுவான பிளாக் சாபத்தின் மூன்றாவது ஆல்பமான ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ 1971 ஜூலையில் வந்தது. மொத்தமே 34 நிமிடம் சொச்சம். அதில் ‘சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்’, ‘லார்ட் ஆஃப் திஸ் வேர்ல்ட்’, ‘இன்டு த வாய்ட்’ மூன்றையும் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி சுருதியை இறக்கி வாசித்திருக்கிறார். நம் பாடகர்கள் சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கில், மூன்று கட்டையில் நிற்க வேண்டிய அடிக்கம்பி ஒன்றரைக் கட்டைக்கு வந்துவிட்டது. மெட்டல் இசையில் டூம், ஸ்டோனர், ஸ்லட்ஜ் என்று இன்று கிளை பிரிந்து நிற்பதெல்லாம் இந்த மூன்று பாட்டுக்குக் கடன்பட்டவை. ஆனால் அந்த ஒலியைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ‘தாழ்ந்த சுருதி’யைப் பிடித்துக்கொண்டு ‘தளர்ந்த கம்பி’யை விட்டுவிடுகிறார்கள். கனம் இருப்பது தளர்ச்சியில்.

அயோமி சுருதியை இறக்கிய காரணம் எல்லோரும் அறிந்ததுதான். பர்மிங்ஹாமில் தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, 17 வயதில், அயோமியின் வலக்கையில் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் இயந்திரத்தில் சிக்கித் துண்டாகின. அவர் இடக்கைக்காரர். அதனால் ஃப்ரெட்டில் அழுத்தும் கையே போயிற்று. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் உறை செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். மெல்லிய கம்பிகளான லைட் கேஜ் செட் கடையில் கிடைக்காத காலம், பான்ஜோ கம்பியைக் கட்டினார். சுருதியை இறக்கியதும் அதே வலிக்கு மருந்தாகத்தான்.

எவ்வளவு தளர்ந்தது என்பதைக் கணக்கிடலாம். கம்பியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஈ 82.4 ஹெர்ட்ஸ்; அதிலிருந்து மூன்று அரைச்சுரம் இறங்கினால் சி ஷார்ப், 69.3 ஹெர்ட்ஸ். இழுவிசை சுமார் 29 சதவீதம் விழுகிறது. 24.75 அங்குல ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்) உள்ள எஸ்ஜி கிட்டாரில் 46 கம்பி (0.046 அங்குலத் தடிமன்) ஏறக்குறைய 7.5 கிலோ இழுத்துக்கொண்டிருக்கும், அது 5.3 கிலோவாகிவிடும். இவ்வளவு தளர்ந்த கம்பியை ஓங்கி அடித்தால், அடித்த கணத்தில் சுருதி சற்று மேலே எகிறி, பிறகு தன் இடத்தில் வந்து உட்காரும். ‘இன்டு த வாய்ட்’ ரிஃப்பில் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) ஒவ்வொரு அடியும் தொய்ந்து விழுவதுபோல் கேட்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொரு நுட்பம் பவர் கார்டில், அதாவது ஒரு சுரத்தையும் அதன் பஞ்சமத்தையும் சேர்த்து அடிப்பதில், இருக்கிறது. சி ஷார்ப் 69.3, அதன் பஞ்சமமான ஜி ஷார்ப் 103.8. இரண்டும் சேர்ந்து டிஸ்டார்ஷனுக்குள் (ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது) போகும்போது அவற்றின் வித்தியாசமும் ஒரு சுரமாக வெளியே வருகிறது: 34.5 ஹெர்ட்ஸ். குழுவின் பேஸ் கிட்டாரிஸ்ட் கீசர் பட்லரும் பேஸை அதே அளவு இறக்கியிருந்தார். அவருடைய அடிக்கம்பியின் சுரமும் ஏறக்குறைய இதுவே, 34.6 ஹெர்ட்ஸ். கிட்டார் தன் நிழலைப் பேஸின் மேல் போடுகிறது என்று சொல்லலாம். சுவர்போல ஒலிப்பது அதனால்தான்.

ஆனாலும் குழம்பவில்லை, கவனித்தீர்களா? அதற்குக் காரணம், மேல் ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கும் அயோமியின் ட்ரெபிள் பூஸ்டர். டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற அந்தப் பெட்டியில் ஓஸி44 என்ற ஒரே ஒரு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர். வாயிலில் 5 நானோஃபாரட் கெப்பாசிட்டர். கெப்பாசிட்டர் அவ்வளவு சிறியது என்பதால் தாழ்ந்த ஒலி லேனி ஆம்ப்புக்குள் போகும் முன்பே வடிகட்டப்பட்டுவிடும். இறக்கிய சுருதியில் பேஸ் நாபைத் திருகி ஏற்றுகிறவர்கள் இதற்கு நேரெதிராகச் செய்கிறார்கள். டிஸ்டார்ஷனுக்கு முன்னால் பேஸைக் குறையுங்கள்; வேண்டுமானால் பின்னால் கூட்டுங்கள். கெயினும் (டிஸ்டார்ஷனைக் கூட்டும் நாப்) நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே போதும்.

கிட்டாரை இறக்கும்போது அடியிலிருந்து சி ஷார்ப், எஃப் ஷார்ப், பி, ஈ, ஜி ஷார்ப், சி ஷார்ப். ஒவ்வொரு கம்பியையும் தேவைக்குக் கீழே இறக்கி, பிறகு மேலே ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி அப்படியே விட்டால் நட்டில் (கழுத்தின் மேல்முனையில் கம்பி தங்கும் பள்ளம்) மாட்டிய கம்பி இரண்டு பாட்டுக்குள் வழுகிவிடும். கழுத்தை முன்னால் இழுக்கும் விசை குறைவதால் அதற்குள் இருக்கும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராட் அதைப் பின்னால் வளைக்கும். முதல் சில ஃப்ரெட்களில் கரகரப்பு வரும். முதல் ஃப்ரெட்டையும் 15-ஐயும் அழுத்திக்கொண்டு ஏழாவதில் இடைவெளியைப் பாருங்கள். சுமார் 0.25 மில்லிமீட்டர் வேண்டும். இல்லையென்றால் ராடைக் கால் சுற்றுத் தளர்த்தி, மறுபடி சுருதி சேர்த்துப் பாருங்கள். ஒரேயடியாக அரைச் சுற்று திருகாதீர்கள். அடுத்து 12-ஆவது ஃப்ரெட்: அழுத்திய சுரம் ஹார்மோனிக்கைவிட உயர்ந்திருந்தால் சாடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) பின்னால் தள்ளுங்கள். ஸ்பிரிங்கில் மிதக்கும் ஃப்ளோட்டிங் பிரிட்ஜ் என்றால் பின்பக்க ஸ்பிரிங்கையும் தளர்த்த வேண்டும். இந்த வேலைக்கு அசையாத பிரிட்ஜ்தான் நிம்மதி.

கம்பி விஷயத்தில் கடையில் 12–56 செட்டைக் கையில் கொடுப்பார்கள். பழைய இழுவிசையை அது ஏறக்குறைய திருப்பிக் கொண்டுவரும், ரிதம் துல்லியமாகும். ஆனால் அந்தத் தொய்வு போய்விடும். 10–46 போட்டு, கையை மென்மையாக்கிக்கொள்வதே என் பரிந்துரை. இடக்கை சற்று அதிகம் அழுத்தினாலும் சுரம் ஏறிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். கார்டுகள் அபசுரமாகக் கேட்டால் ட்யூனரைச் சந்தேகிக்கும் முன் விரலைப் பாருங்கள்.

1992-இல் கயஸ் என்ற அமெரிக்கக் குழு ‘புளூஸ் ஃபார் த ரெட் சன்’ ஆல்பத்துக்கு இன்னும் அரைச்சுரம் இறங்கி சி-க்குப் போனார்கள். ஸ்டாக்ஹோமில் என்டூம்ட் குழு 1990-இலேயே பி வரை இறக்கி, டெத் மெட்டலுக்கே புது நிறம் கொடுத்திருந்தார்கள். சவுண்ட்கார்டன் குழு ‘இன்டு த வாய்ட்’ ரிஃப்பை வைத்துக்கொண்டு, சியாட்டில் என்ற செவ்விந்தியத் தலைவர் பேசியதாகச் சொல்லப்படும் உரையை வரிகளாக்கிப் பாடினார்கள்.

பேஸ் வாசிப்பவரும் உங்களோடு இறங்கியே ஆக வேண்டும். அவர் ஈ-யிலேயே நின்றால் சி ஷார்ப்பை ஒரு ஸ்தாயி மேலேதான் தொட முடியும், 34.6 ஹெர்ட்ஸில் யாரும் இருக்க மாட்டார்கள். ஐந்து கம்பி பேஸில் அந்தச் சுரம் கிடைக்கும்தான், ஆனால் பட்லர் ரிஃப்போடு சேர்ந்து கம்பியை வளைப்பாரே, அந்த வளைவுக்கு விறைப்பான தடித்த பி கம்பி எளிதில் இடம் கொடுக்காது. நான்கு கம்பி பேஸையே மூன்று அரைச்சுரம் இறக்கிவிடுங்கள்.